நாற்பத்திரண்டு அடி, அறுநூற்று இருபது மைல்

சேஜ்விக் ஊரில் தபால் ஆபீசுக்கும் மாவட்டத் தேர்தலை நடத்துகிற கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான். அகலம் நாற்பத்திரண்டு அடி. நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, மேவிஸ் லண்ட்கிரென் டேப் பிடித்து அளந்தே பார்த்துவிட்டாள். அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி பனியில் மண்டியிட்டுத் தெருவை அளக்கிற நிலைமைக்கு எப்படி வந்தாள் என்பதுதான் கதை.

அந்தத் தெருவைக் கடக்க ஒரு நாய்க்கு நாலு நொடி போதும். மனுஷருக்குப் பத்து நொடி, பனி கொட்டிக் கிடந்தால் இருபது. கடிதத்துக்கு ஏழு நாள். ஏனென்றால் கடிதம் தெருவைக் கடப்பதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு லாரி ஏறி, முந்நூற்றுப் பத்து மைல் தள்ளியிருக்கிற போர்ட் ஹாலிஸ் நகரத்துக்குப் போகும். அங்கே ஒரு ராட்சத இயந்திரத்தின் வாயில் நுழைந்து, முத்திரை குத்திக்கொண்டு, மறுபடி முந்நூற்றுப் பத்து மைல் திரும்பி வந்து எதிர்க் கட்டடத்துக்குள் போகும். முன்பெல்லாம் தபால்காரி டெலியாவே ஜன்னலில் உட்கார்ந்தபடி டொக்கென்று முத்திரை குத்தி, எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வருவாள். சிக்கனம் என்று சொல்லி மேலிடம் அந்த முத்திரைக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. லாரிக்கு டீசல் எதற்கு என்று கேட்க ஆளில்லை.

மேவிஸ் முப்பத்தோரு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இந்தக் கவுண்டியில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரையும் மூக்கொழுக ஏற்றி, மூக்கொழுக இறக்கினவள். அவள் கணவன் ஆர்லோவுக்கு நெஞ்சு வலி இரண்டு தடவை வந்துவிட்டது. இரண்டு தடவையும் ஊர் ஆம்புலன்ஸ் ஆறு நிமிஷத்தில் வாசலில் வந்து நின்றது. அதனால்தான் அந்த மனுஷன் இன்றைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்த ஆம்புலன்ஸுக்குத்தான் இந்த நவம்பரில் ஓட்டு. அதை ஓட்டவைக்கிற வரியைப் புதுப்பிக்கலாமா, வேண்டாமா? ஜெயித்தால் வண்டி இருக்கும். தோற்றால், ஏன், சமமாக வந்தால்கூட, டிசம்பர் கடைசியோடு கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள். அடுத்த ஆம்புலன்ஸ் எழுபது மைல் தள்ளி பிராக்கென் ஊரில் இருக்கிறது. அது வந்து சேர்வதற்குள் ஆர்லோவின் இதயம் இரண்டு முறை நின்று, காத்திருந்து, அலுத்துப்போய்விடும்.

எங்கள் கவுண்டியில் எல்லாரும் தபாலில்தான் ஓட்டுப் போட வேண்டும். வாக்குச்சீட்டோடு எண்பத்தெட்டுப் பக்கக் கையேடு ஒன்றும் வரும். ஆர்லோ சீட்டு வந்த அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கோடு போட்டு அனுப்பிவிட்டான். அதன் மேல் கட்டைவிரல் அளவுக்கு கிரேவிக் கறை. அந்த ஓட்டு செல்லும். மேவிஸ் அப்படியில்லை. கையேட்டின் எண்பத்தெட்டுப் பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்து, வடிகால் வாரியத்துக்கு நிற்கிற ஒற்றை ஆளின் வாழ்க்கை வரலாறு உட்பட எல்லாவற்றையும் யோசித்துத்தான் கோடு போடுவாள். பொறுப்பான பிரஜை. மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

தேர்தலுக்கு ஆறு நாள் முன்னால், புதன்கிழமை காலை, உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகக் கிளார்க் அலுவலகத்துக்குள் போனாள்.

கவுண்டி கிளார்க்கின் பெயர் வெண்டல் க்ரம்லி. முப்பத்தெட்டு வயது, நேர்வகிடு, கோட்டில் சின்னக் கழுகுப் பதக்கம். மாநிலம் கொடுத்த ‘மக்கள் நம்பிக்கை வெண்கலக் கழுகு’ அது. போன வருஷம் அவன் அலுவலகத்தின் மேல் ஒரு புகார்கூட வரவில்லை என்பதற்காகக் கொடுத்தார்கள். புகார்களைத் தபாலில் அனுப்ப வேண்டும், சம்பவம் நடந்து மூன்று நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்பது விதி. இந்த வருஷம் அவன் வெள்ளிக் கழுகுக்குக் குறிவைத்திருந்தான்.

“வெண்டல், இந்தா” என்று உறையை நீட்டினாள் மேவிஸ்.

வெண்டல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். “ஐயோ, மிஸஸ் லண்ட்கிரென்! கையில வாங்க முடியாது.”

“ஏன், கையில சிரங்கா?”

“நம்பிக்கை வலுவூட்டல் ஆணை, எண் நாலு. நேர்ல வாங்கினா நான் உங்க முகத்தைப் பாக்கறேன். முகத்தைப் பாத்தா பாரபட்சம் வரும்.”

“முப்பது வருஷமா பாத்த முகம்தானேடா இது? மூணாங்கிளாஸ்ல ஏழாவது சீட்ல வாந்தி எடுத்தியே, அப்ப துடைச்சுவிட்டது இந்த முகம்தான்.”

“இங்க நான் கவுண்டி கிளார்க்” என்றான் வெண்டல், காது சிவந்துபோய்.

“சரிங்க, கவுண்டி கிளார்க். வாசல்ல இரும்புப் பெட்டி ஒண்ணு இருந்துதே, அதுலயாவது போட்டுட்டுப் போறேன்.”

“அதை ஆகஸ்ட்லயே எடுத்தாச்சு. காமெராவுல, குப்பை கிளற வர்ற ஒரு ரக்கூன் மூணு நாள் தொடர்ந்து பெட்டியைச் சுத்தினது பதிவாகியிருந்துது. அது எந்தக் கட்சின்னு ஊருக்குள்ள கேள்வி கிளம்பிடுச்சு.”

“ரக்கூனுக்கு ஏதுடா கட்சி?”

“அதான் விஷயமே! இல்லைன்னு நம்மால நிரூபிக்க முடியல.” வெண்டல் குரலைத் தாழ்த்தினான். மேடையில் பேசுகிற மாதிரி ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தான். “மக்கள் நம்பிக்கைங்கிறது கண்ணாடிப் பாத்திரம், மிஸஸ் லண்ட்கிரென். தொட்டாதானே உடையும்? அதனாலதான் மக்களை அது பக்கமே விடாம நாங்க பத்திரமா பாத்துக்கறோம். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள தபால்ல வந்து சேரட்டும். உங்க ஓட்டு எங்களுக்கு உயிர்.”

மேவிஸ் தெருவைக் கடந்தாள். பத்து நொடி.

ஜன்னலில் டெலியா ஸ்டாம்ப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். டெலியா பகலில் தபால்காரி, கூப்பிட்டால் ஆம்புலன்ஸ்காரி. இரண்டு வேலைக்கும் ஒரே பூட்ஸ். ஆர்லோவின் நெஞ்சை இரண்டு தடவையும் அழுத்திப் பிழைக்கவைத்தது அவள் கைதான்.

“எத்தனை நாளாகும்?” என்றாள் மேவிஸ்.

“ஏழு. அதிர்ஷ்டம் இருந்தா ஆறு.”

“டெலியா, அந்தக் கதவு இங்கேருந்து தெரியுது. வெண்டலோட வகிடுகூடத் தெரியுது. நீ ஒரு எட்டு போய்க் குடுத்துடேன்.”

“குடுத்தா என்னை ஜெயில்ல போடுவாங்க. அப்புறம் உன் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிச்சா யாரு வருவா? குடு, லாரியில ஏத்தறேன்.” உறையை வாங்கி, அதற்கு ஒரு முத்தம் கொடுத்துப் பையில் போட்டாள். “போயிட்டு வாடி கண்ணு, சீக்கிரம் வா.”

அன்றைக்கு மத்தியானம்தான் மேவிஸ் டேப்பைக் கொண்டுவந்து தெருவை அளந்தாள். எதற்கு என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆத்திரம் வந்தால் சிலர் பாத்திரம் தேய்ப்பார்கள், சிலர் அளப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை தேர்தல் முடிந்தது. புதன்கிழமை காலை ரேடியோவில் முடிவு வந்தது. ஆம்புலன்ஸ் வேண்டும் என்றவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். வேண்டாம் என்றவர்களும் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஆர்லோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். “மேவிஸ், உன் சீட்டு போய்ச் சேந்துடுச்சுல்ல?”

மேவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் வண்டியை நிறுத்தவும் போர்ட் ஹாலிஸ் லாரி வரவும் சரியாக இருந்தது. டெலியா தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். தட்டில் ஒரே ஒரு வாக்குச்சீட்டு உறை. மற்ற எல்லாரும் ஆர்லோ மாதிரி படிக்காமல் அனுப்பியிருந்ததால் நேரத்தோடு வந்துவிட்டார்கள்.

வெண்டல் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அந்த உறையை வாங்கினான். வாங்கி, கூடத்தின் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். முன்பு அதில் ஊர்க் கண்காட்சியில் பரிசு வாங்கிய பரங்கிக்காயை வைத்திருந்தார்கள். இப்போது பித்தளைப் பலகை ஒன்று தொங்கியது: ‘நம்பிக்கைக்காக எண்ணப்படாதவை. பொதுமக்கள் பார்வை நேரம் 10 முதல் 2 வரை. கண்ணாடியைத் தொடாதீர்.’

“அது என்னோடது” என்றாள் மேவிஸ்.

“தயவுசெஞ்சு அடையாளம் காட்டாதீங்க, ரகசிய வாக்கு” என்றான் வெண்டல்.

மேவிஸ் கண்ணாடியில் மூக்கு பதிய நின்று தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன உறைக்குள் ஆர்லோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாளிலிருந்து கூட்டம் வர ஆரம்பித்தது. இத்தனை நெருக்கத்தில் ஒரு ஓட்டை ஊரில் யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து, “இதுதான் ஜனநாயகம், யாரும் தொடக் கூடாது” என்று காட்டினாள். உணவகத்தில் ‘எண்ணப்படாத ஆப்பிள் பை’ என்று பெயர் வைத்து ஒரு பலகாரத்தைக் கண்ணாடி மூடிக்குள் வைத்தார்கள். கேட்டால் தரமாட்டார்கள், அதுதான் வேடிக்கை.

பன்னிரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, பொது விசாரணை. ஊரே நகர மண்டபத்துக்கு வந்திருந்தது. விசாரணை வாரியத்தில் வெண்டலோடு சேர்த்து மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் எல்க் மான் வேட்டைக்குப் போயிருந்தார்கள். போகும்போது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கையெழுத்துகள் பொருந்தின.

“குறை ரெண்டு” என்று ஆரம்பித்தான் வெண்டல். “ஒண்ணு, உறை தாமதமா வந்திருக்கு. ரெண்டு, கையெழுத்து பொருந்தல. ரெண்டுக்கும் பரிகாரம் உண்டு, பயப்படாதீங்க. நமது சட்டம் கருணை உள்ள சட்டம். தாமதமா வந்தாலும், முன்னாடியே தபால்ல சேத்ததா முத்திரை சொன்னா ஏத்துக்கலாம்.”

“அப்ப முத்திரையைப் பாரு! அக்டோபர் தேதிதான் இருக்கும்” என்றாள் மேவிஸ்.

“பாக்கலாம். ஆனா கையெழுத்து சரியா இருக்கற உறைக்குத்தான் முத்திரையைப் பாக்க அனுமதி.”

“சரி, கையெழுத்தைச் சரிபண்ணிக்கறேன்.”

“தாராளமா! நேரத்துக்கு வந்து சேந்த உறையா இருந்தா.”

பின்வரிசையில் ஒருவர் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

“மன்னிக்கணும்” என்றாள் மேவிஸ் மெதுவாக. “அந்த வாசல் வழியா போகணும்னா இந்த வாசல் வழியா வந்திருக்கணும். இந்த வாசல் வழியா வரணும்னா அந்த வாசல் வழியா போயிருக்கணும். அதானே?”

“ரொம்பத் தெளிவா சொன்னீங்க! இவ்வளவு எளிமையா யாரும் சொன்னதில்லை. அடுத்த வருஷக் கையேட்டுல சேத்துக்கலாமா?” என்றான் வெண்டல் மனம் குளிர்ந்துபோய்.

ஆனாலும் பொதுமக்கள் நம்பிக்கையை முன்னிட்டு, ஒரு செயல்விளக்கமாக மட்டும், கையெழுத்துப் பரிசோதனை நடந்தது. சுவரில் இரண்டு கையெழுத்துகளைப் பெரிதாகக் காட்டினார்கள். ஒன்று, மேவிஸ் பதினெட்டு வயதில் வாக்காளர் பட்டியலில் சேரும்போது போட்டது. உருண்டை உருண்டையான எழுத்து, ஒரு எழுத்தின் தலையில் புள்ளிக்குப் பதில் குட்டி இதயம், கடைசியில் ஒரு டெய்ஸிப் பூ. இன்னொன்று உறையில் போட்டது. குழிக்குள் ஏறி இறங்குகிற பேருந்தில் உட்கார்ந்துகொண்டு முப்பத்தோரு வருஷம் பயணப் பதிவேட்டில் கிறுக்கிய கை. ஒரு நீளக் கோடு, நடுவே ஒரு குலுக்கல்.

“கையெழுத்து நிபுணரின் கருத்து” என்று அறிவித்துவிட்டு, வெண்டல் நாலடி நகர்ந்து நிபுணரின் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன்தான் நிபுணர். இணையத்தில் இரண்டு மணி நேரப் பயிற்சி எடுத்திருந்தான். “முதல் கையெழுத்துல பூ இருக்கு. ரெண்டாவதுல பூ இல்ல. பூ எங்க போச்சுங்கற கேள்விக்கு அரசாங்கத்துக்கு விடை தெரியல.”

“கல்யாணமாச்சுடா, பூ போயிடுச்சு!” என்று ஆர்லோ முதல் வரிசையிலிருந்து கத்தினான். மண்டபமே சிரித்தது. மேவிஸ் அவன் தொடையைக் கிள்ளினாள். கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவளைப் பதினாலு தடவை கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பதினாலும் பதினாலு விதமாக வந்தன. ஐந்தாவது உறையில் இருந்ததோடு அச்சு அசலாகப் பொருந்தியது. ‘சந்தேகப்படும்படியான ஒற்றுமை’ என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

“சரி, நான் மேவிஸ்தான்னு இங்க இருக்கற யாரை வேணா கேளு!” என்று எழுந்து நின்றாள் அவள்.

நூற்று முப்பது பேர் கையைத் தூக்கினார்கள். எல்லாரும் அவள் பேருந்தில் போனவர்கள்.

வெண்டல் தலையை ஆட்டினான். “தெரிஞ்சவங்க சாட்சி செல்லாது. பாரபட்சம். இவங்க மேவிஸ் லண்ட்கிரென்தான்னு, இவங்களைத் தெரியாத ஒருத்தர் சொல்லணும்.”

எங்கள் ஊரில் மேவிஸைத் தெரியாதவர் கிடைப்பது சாமானியமா? உணவகத்துக்கு ஆள் ஓடி, வழியில் சாப்பிட நிறுத்தியிருந்த ஒரு லாரிக்காரரைப் பிடித்து வந்தார்கள். கையில் பாதி தின்ற சாண்ட்விச்சோடு அவர் மேடையேறினார்.

“இவங்க யாருன்னு தெரியுமா?” என்றான் வெண்டல்.

“தெரியாதே.”

“முன்னப்பின்ன பாத்ததில்லையே?”

“சத்தியமா இல்லை.”

“அருமை! தகுதியான சாட்சி. இப்ப சொல்லுங்க, இவங்கதான் மேவிஸ் லண்ட்கிரெனா?”

லாரிக்காரர் மேவிஸைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சாண்ட்விச்சைப் பார்த்தார். “அது எனக்கு எப்படிங்க தெரியும்?”

“சாட்சி உறுதிப்படுத்தவில்லை” என்று எழுதிக்கொண்டான் வெண்டல்.

அப்புறம் எழுந்து நின்று, கழுகுப் பதக்கத்தைத் தடவிவிட்டு, முடிவுரை ஆற்றினான். “நண்பர்களே! போன மாசம் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வித்தாள் அனுப்பினோம், தேர்தல் முறை மேல நம்பிக்கை இருக்கான்னு. தொண்ணூத்தெட்டு சதவீதம் பேர் இருக்குன்னு எழுதியிருக்காங்க! நம்பிக்கை இல்லைன்னு எழுதினவங்க கடிதம் எல்லாம் தாமதமா வந்துது. ஒரு ஓட்டை எண்ணிட்டா ஒருத்தருக்குத்தான் சந்தோஷம். எண்ணாம விட்டா, அதை எண்ணியிருப்பாங்களோன்னு சந்தேகப்படற அத்தனை பேருக்கும் நிம்மதி. இவ்வளவு துல்லியமான தேர்தலை நான் பாத்ததே இல்லை. ஓட்டுகள் சமம். வரி தோத்துது. ஆம்புலன்ஸ் டிசம்பர் முப்பத்தொண்ணோட நிறுத்தப்படும். மக்கள் நம்பிக்கை வாழ்க!”

யாரும் கைதட்டவில்லை. ஆர்லோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, “வா, வீட்டுக்குப் போலாம்” என்றான். வண்டியில் போகும்போது ஒரு கை ஸ்டியரிங்கிலும் மறு கை அவன் கைமேலும் இருந்தது மேவிஸுக்கு. “எழுபது மைலெல்லாம் ஒரு தூரமா? நான் மெதுவா சாகற ஆளு” என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை மேவிஸ் கிளார்க் அலுவலகத்துக்கு மறுபடி போனாள். சண்டை போடத்தான் போனாள். உள்ளே வெண்டல் இறகுப் பேனாவால் தேர்தல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். புகைப்படக்காரர் ஒருவர் நின்றிருந்தார். மாமூலாக வெண்டல் போடுவது நண்டு ஊர்ந்த மாதிரி ஒரு கிறுக்கல். இன்றைக்கு, வரலாற்றுக்காக, வளைத்து வளைத்து ஒரு முழத்துக்குப் போட்டு, கடைசி எழுத்தின் வாலை ஒரு கழுகாகவே பறக்கவிட்டிருந்தான்.

“அது எங்க போகுது?” என்றாள் மேவிஸ்.

“தலைநகர். வர திங்கட்கிழமை பகல் பன்னெண்டு மணிக்குள்ள மாநிலத் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேரணும். சேராட்டா தேர்தலே நடக்காத மாதிரி.”

மேவிஸ் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். இன்றைக்குச் செவ்வாய். விரலை மடக்கினாள். புதன், வியாழன், வெள்ளி. ஏழு நாள் என்றால் அடுத்த செவ்வாய். கெடுவோ திங்கள்.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். நானாக இருந்தால் விசிலடித்துக்கொண்டே கிளம்பியிருப்பேன். ஆனால் மேவிஸ் எண்பத்தெட்டுப் பக்கத்தையும் படிக்கிற ஜாதி. விதி என்றால் விதி, எதிராளிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிற பைத்தியம்.

“வெண்டல், கேளு. தலைநகர் தொண்ணூத்தஞ்சு மைல். ஆனா தபால்ல போட்டா அது முதல்ல போர்ட் ஹாலிஸுக்குப் போயிட்டுத்தான் போகும். நேரத்துக்குப் போகாது. வெள்ளிக்கிழமை நான் பள்ளி பேண்டு பசங்களை ஏத்திக்கிட்டு தலைநகர் போறேன். அந்த ஆபீஸ் வாசல்லயே பஸ் நிக்கும். குடு, நானே குடுத்துட்டு வரேன்.”

வெண்டல் அவளை மேலும் கீழும் பார்த்தான். முகத்தில் இரக்கம் வழிந்தது. “மிஸஸ் லண்ட்கிரென், நீங்க எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். உங்க கையில இதைக் குடுக்கறதா? ட்ராம்போன் வாத்தியத்துப் பக்கத்துல ஒரு தேர்தல் சான்றிதழா?”

“அப்ப நீயே கார்ல போய்க் குடுத்துட்டு வா. போக ரெண்டு மணி நேரம்தான்.”

“தபால் மேல எனக்கு நம்பிக்கை இல்லைன்னு ஊர் சொல்லாதா? எண்ணூத்துச் சொச்சம் பேரைத் தபால்ல போடச் சொல்லிட்டு, நான் மட்டும் கார்ல போறதா? முறைன்னு ஒண்ணு இருக்கு.” வெண்டல் உறையை உயர்த்திப் பிடித்தான். “நேரத்தோட அனுப்பினா நேரத்தோட போகும். போகாட்டா அது அனுப்பினவங்க பொறுப்பு. உங்களுக்கும் அதைத்தானே சொன்னேன்?”

“ஆமா, சொன்னே” என்றாள் மேவிஸ்.

வெண்டல் புகைப்படக்காரரோடு தெருவைக் கடந்தான். மேவிஸ் சந்திலிருந்து பார்த்தாள். டெலியா ஜன்னலில் உறையை வாங்கினாள், முகவரியைப் படித்தாள், வெண்டலின் தோளுக்கு மேலாக மேவிஸைப் பார்த்தாள். இரண்டு பெண்களும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க டெலியா ஸ்டாம்ப் நனைக்கிற ஸ்பாஞ்சை அப்படி அமுக்கினாள், தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. “சீக்கிரம்னா வேற வழி ஏதாவது பாக்கறீங்களா, வெண்டல்?” என்று அவளும் ஒரு வார்த்தை கேட்டுவைத்தாள். “முறைப்படியே போகட்டும்” என்றான் வெண்டல், காமெராவைப் பார்த்து.

நாலு மணிக்கு லாரி கிளம்பியது. மேவிஸ் அதற்குக் கையசைத்து வழியனுப்பினாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. ஆம்புலன்ஸ் கொட்டகையில் பொருள்களைப் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். ஆர்லோ படியேறும்போது மேவிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வான்கோழியில் அவனுக்குத் தோலைக்கூடத் தரவில்லை.

டிசம்பர் எட்டாம் தேதி, ஆர்லோவின் மாத்திரைப் பொட்டலத்தை வாங்க மேவிஸ் தபால் ஆபீசுக்குப் போயிருந்தாள். வெண்டலும் வந்தான். ஜன்னலில் அவனுக்கு ஒரு தடித்த உறை காத்திருந்தது, மாநில முத்திரையோடு.

“வெள்ளிக் கழுகு!” வெண்டலுக்குத் தலைகால் புரியவில்லை. “டெலியா, நீங்க சாட்சி. மிஸஸ் லண்ட்கிரென், நீங்களும் கேளுங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.” உறையைக் கிழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தான்:

“‘மதிப்புக்குரிய கிளார்க் அவர்களுக்கு. தங்கள் சான்றிதழ் நவம்பர் இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கெடு இருபத்துநாலு, திங்கட்கிழமை. மேலும், அதில் உள்ள கையெழுத்து எங்கள் கோப்பில் உள்ள கையெழுத்தோடு பொருந்தவில்லை. கோப்பில் பறவை ஏதும் இல்லை.’”

குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் படிக்க ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியாதவன் அவன்.

“‘இக்குறைகளை, இக்கடிதத்தின் தேதியிலிருந்து பத்து நாட்களுக்குள் நிவர்த்தி செய்துகொள்ளலாம். தவறினால் தேர்தல் நடக்காததாகக் கருதப்படும். அடுத்த நவம்பர் வரை பழைய வரியும், ஆம்புலன்ஸ் சேவையும், உள்ளது உள்ளபடி தொடரும். மக்கள் நம்பிக்கையை முன்னிட்டு.’”

“கடிதத்துல தேதி என்ன போட்டிருக்கு?” என்றாள் டெலியா.

வெண்டல் பார்த்தான். “நவம்பர் இருபத்தாறு.”

மூன்று பேரும் சுவரிலிருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு நாள்.

மேவிஸுக்கு உள்ளே என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு வருஷம்! ஆர்லோவுக்கு முழுசாக ஒரு வருஷம்! மாத்திரைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கூத்தாடாமல் இருக்கக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். கத்தலாமா என்று வாயைத் திறந்தாள். அப்போதுதான் வெண்டலின் முகத்தைப் பார்த்தாள். அது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பழைய சமாசாரம் ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. மூன்றாம் வகுப்பில் ஏழாவது சீட்டிலும் இந்த முகம்தான்.

“டெலியா, இவன் விழப்போறான்” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வெண்டல் விழுந்தே விட்டான். விழுகிற வழியில் கவுண்டர் முனையில் நெற்றியை மோதிக்கொண்டு, ரத்தம் கொட்ட, மல்லாந்து கிடந்தான். மார்பைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

டெலியா ஜன்னலைச் சாத்தினாள். தபால் சட்டைக்கு மேலேயே ஆம்புலன்ஸ் கோட்டை மாட்டினாள். ஓட்டுநர் எல்க் வேட்டையில் இருந்தார், எங்கள் ஊரில் டிசம்பர் கடைசி வரை எல்லாருமே எல்க் வேட்டையில்தான் இருப்பார்கள். மேவிஸ் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினாள். பெட்டி கட்டி வைத்திருந்ததையெல்லாம் ஒதுக்கித் தள்ளி, வண்டியைக் கொண்டுவந்து தபால் ஆபீஸ் வாசலில் நிறுத்தினாள். நாலு நிமிஷம்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது வெண்டல் கண்ணைத் திறந்தான். மேலே இரண்டு பெண்களின் முகம் தெரிந்தது. “மிஸஸ் லண்ட்கிரென்” என்றான் ஈனக் குரலில், “இது அந்த ஆம்புலன்ஸா?”

“அதேதான். நடக்காத தேர்தல்ல தோக்காத ஆம்புலன்ஸ்” என்றாள் மேவிஸ். “பேசாம படு. வாந்தி வந்தா முன்கூட்டியே சொல்லு.”

டெலியா ஒரு தாளையும் பேனாவையும் அவன் கையில் திணித்தாள். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சம்மதம்னு இதுல ஒரு கையெழுத்து.”

வெண்டல் பேனாவைத் தாளில் வைத்தான். கை வெடவெடவென்று நடுங்கியது. ஒரு கோடு வந்தது, நடுவே ஒரு குலுக்கல். அவன் அதையே பார்த்தான். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

“இது என் கையெழுத்து மாதிரியே இல்ல” என்றான். “செல்லாதே.”

“செல்லும் வெண்டல்” என்றாள் டெலியா, தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு. “நாங்க கோப்பைப் பாக்கறதில்ல. ஆளு உயிரோட இருக்கானான்னு மட்டும்தான் பாப்போம்.”

மேவிஸ் சைரனைப் போட்டாள். நாற்பத்திரண்டு அடித் தெருவைக் கடக்க மூன்று நொடி ஆயிற்று.